தும்பைக்காட்டு வெள்ளை அட்டைகள்

தும்பைக்காடு,
10.11.2024

அன்புத் தோழி கோகிலவாணிக்கு,

வளர்மதி எழுதுவது. வீட்டில் எல்லோரும் நலம் என்று எழுத ஆசைதான். பாப்பாவைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன், அதற்குத்தான் இந்தக் கடிதமே. நீ ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா, இல்லை டீயைக் குடித்தே பொழுதை ஓட்டுகிறாயா? போன கடிதத்துக்குப் பதில் போட உனக்கு ஒரு பருவமே ஆகிவிட்டது. ஆராய்ச்சிக்காரம்மா ஆகிவிட்டாய், நாங்களெல்லாம் கண்ணுக்குத் தெரிவோமா? தும்பைக்காட்டுக்குச் செல்போன் டவர் இன்னும் வரவில்லை. கள்ளக்குறிச்சி ஹாஸ்டலில் படித்தபோது லீவு விட்டால் கடிதம் போடுவோமே, அந்தப் பழக்கத்தை நீயும் விடாதே.

இந்த வருடம் மலையில் ஆராய்ச்சிக்காரர்களுக்குப் பஞ்சமே இல்லை. குள்ளர் வீடு என்று நாங்கள் சொல்கிற பலகைக் கல்லை அளக்க ஒரு கூட்டம் வந்தது. அது பழங்காலத்துச் சமாதியாம். எங்கள் மாடு அதில் முதுகைத் தேய்த்ததற்கு ஒருவன் என்னைத் திட்டினான். தவளை கத்துவதைப் பதிவுசெய்ய ஒரு பெண் வந்தாள். காசிநாதன் சார் என்று ஒருவர் ஓடைத் தண்ணீரையும் கிணற்றுத் தண்ணீரையும் பாட்டிலில் பிடித்துப் போகிறார். எல்லோருக்கும் வழி காட்டுவதும் சோறு பொங்கிப் போடுவதும் நான்தான். "இன்னாம்மா, உங்க மலைக்கு வராத டிபார்ட்மென்ட்டே இல்லையா?" என்று ஜீப் டிரைவர் கேலி பண்ணுகிறார். ஆளுக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விடுகிறார்கள். நீ ரத்தத்தை எடுத்துக்கொண்டு போனாய். ஆனால் நீ ஒருத்திதான் பதிலுக்கு ஒரு அட்டையைக் கொடுத்தாய். அதை நான் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்வேன்.

அந்த அட்டையை வைத்துத்தானே என் கல்யாணமே நடந்தது! வெள்ளிமலை ரத்தப் பரிசோதனை முகாமில் எனக்கு மஞ்சள் அட்டை, நோயின் கூறு இருக்கிறது என்று. தும்பைக்காட்டு முகாமில் என் மாமன் மகன் ராஜதுரைக்கு வெள்ளை அட்டை, கூறு இல்லை என்று. "ரத்த அணு அரிவாளாட்டம் வளையற அரிவாள் நோயோட கூறு அப்பா அம்மா ரெண்டு பேர்கிட்டயும் இருந்தாத்தான் பிள்ளைக்கு நோய் வரும். ஜாதகம் பாக்கறதுக்கு முன்னாடி அட்டையப் பாருங்க" என்று மைக்கைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் பேசினாய்! பரிசம் போட வந்தபோது மாமா வெற்றிலைத் தட்டில் மகனின் வெள்ளை அட்டையையும் வைத்துக்கொண்டு வந்தார். நான் சிரித்துவிட்டேன், அம்மா என்னைக் கிள்ளினாள்.

பாப்பா விஷயம் இதுதான். சுபஸ்ரீக்குக் கையும் காலும் வீங்கியிருக்கிறது. விரல் ஒவ்வொன்றும் உப்பிப்போய், தொட்டாலே அலறுகிறாள். ஒரு வாரத்தில் சரியாகிறது, மறுபடி வருகிறது. என் மாமியார் ஜெயம்மாள், "பனிக்காத்து பட்டுச்சிடி, ஒத்தடம் குடு" என்கிறாள். எனக்கு என்னவோ அந்த மஞ்சள் அட்டைதான் ஞாபகத்துக்கு வருகிறது. நீ ரத்தம் படித்தவள். இது என்ன என்று உடனே எழுது.

உன் பதிலுக்கு வழி பார்த்திருக்கும்,
வளர்மதி

*

சென்னை,
19.11.2024

என் வளருக்கு,

கடிதம் இன்று காலைதான் கைக்கு வந்தது. படித்த கையோடு எழுதுகிறேன். ஒத்தடம், கஷாயம் எல்லாவற்றையும் நிறுத்து. பாப்பாவைக் கள்ளக்குறிச்சிக்குத் தூக்கிக்கொண்டு போய், கை கால் வீக்கம் வந்து வந்து போகிறது, எனக்கு மஞ்சள் அட்டை என்று சொல்லு. அவர்களுக்குப் புரியும். நிறையத் தண்ணீர், பால் கொடு. குளிரில் விடாதே. காய்ச்சல் என்றால் பஸ்ஸுக்குக் காத்திருக்காதே, ஜீப்பைப் பிடி.

பயப்படாதே என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ராஜதுரையின் அட்டை வெள்ளை என்பதால் நீ நினைக்கிற அரிவாள் நோயாக இருக்க வாய்ப்பில்லை. வேறு ஏதாவது கிருமித் தொற்றாக இருக்கும். எதற்கும் ரத்தம் பார்த்துவிடு.

என் பாடு வழக்கம்போலத்தான். ஆய்வேட்டை வரும் கோடைக்குள் கொடுத்தாக வேண்டும். பேராசிரியர் தினமும் தலையைச் சாப்பிடுகிறார். உன் கையால் சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் சாப்பிட்டு எத்தனை நாள் ஆகிறது!

சுபஸ்ரீக்குச் சித்தியின் முத்தங்கள்.

உன் கோகி

*

தும்பைக்காடு,
15.12.2024

கோகி,

நீ வாய்ப்பில்லை என்றாய். அதுதான் வந்திருக்கிறது. முழு அரிவாள் நோய் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். டாக்டரம்மா பொறுமையாகத்தான் சொன்னார். "அம்மாகிட்ட இருந்து ஒரு பங்கு, அப்பாகிட்ட இருந்து ஒரு பங்கு வந்திருக்கு. மாத்திரை குடுங்க, பத்திரமா பாத்துக்குங்க" என்றார்.

கூட வந்திருந்த ஜெயம்மாள் அத்தைக்கு அப்பா பங்கு என்ற அந்த ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது. வீட்டுக்குள் கால் வைத்ததும் பெட்டியைத் திறந்து மகனின் வெள்ளை அட்டையை எடுத்து என் முன்னால் போட்டாள். "எம் புள்ளைக்கு ஒண்ணுமில்லன்னு கெவுருமெண்ட்டே எழுதிக் குடுத்துக்குது. அப்பன் பங்கு எவன் வூட்டுதுடி?" என்று கேட்டாள். சாமை தூற்றிக்கொண்டிருந்த பொம்பளைகள் அத்தனை பேரும் முறத்தைக் கீழே வைத்துவிட்டார்கள்.

நான் எவனையும் நிமிர்ந்து பார்த்தவள் இல்லை என்று உனக்குத் தெரியும். ஆராய்ச்சிக்கு வருகிறவர்களோடு காட்டுக்குப் போனேனாம், கல்லைக் காட்டப் போனேனாம், தண்ணீரைக் காட்டப் போனேனாம். இத்தனை நாளும் அந்தச் சம்பளத்தை வாங்கி முடிந்துகொண்டபோது இதெல்லாம் தெரியவில்லை. கரியராமன் கோயிலில் சூடம் அணைத்துச் சத்தியம் பண்ணச் சொல்கிறாள். பண்ணுகிறேன் என்றேன். "உன் சத்தியம் பெருசா, அட்டை பெருசா?" என்கிறாள்.

இதில் எனக்கு நெஞ்சு வெடிப்பது அவரை நினைத்துத்தான். ராஜதுரை ஒரு வார்த்தை பேசவில்லை. என்னை அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. மரவள்ளிக் காட்டுக்குப் போகிறார், வருகிறார், பாப்பாவைத் தூக்கிவைத்துக்கொள்கிறார். அவர் அம்மா பேசும்போது மட்டும் எழுந்து வெளியே போய்விடுகிறார்.

உன் அட்டைதான் என்னைக் கொல்கிறது கோகி. நீதான் இதற்கு வழி சொல்ல வேண்டும்.

வளர்மதி

*

சென்னை,
27.12.2024

வளரு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அழுதேன். அழுது முடித்தபின் உட்கார்ந்து யோசித்தேன். உனக்கும் தெளிவாகச் சொல்கிறேன்.

ராஜதுரை பெயரில் வந்த ரத்தத்தில் நோயின் கூறு இல்லை. அது நிச்சயம், நானே இரண்டு முறை பார்த்தேன். அப்படியானால் அந்த ரத்தம் அவருடையதாக இருக்க முடியாது. முகாமில் ரத்தம் பிடித்த குழாய் மாறியிருக்க வேண்டும், அல்லது அவருக்குப் பதில் வேறு யாரோ கொடுத்திருக்க வேண்டும். ஊர்க்காரர்கள் சொல்கிற காரணத்தை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை. உன்னை எனக்குத் தெரியும்.

இதற்கு வழி மிகச் சுலபம். அவர் கள்ளக்குறிச்சியில் மறுபடி ரத்தம் கொடுக்கட்டும். ஒரு சொட்டு போதும். அவரிடமும் அந்தக் கூறு இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் உன் அத்தை வாயை மூடித்தான் ஆக வேண்டும். இந்தக் கடிதத்தை அவருக்கே படித்துக் காட்டு.

தைரியமாக இரு. நான் உன் பக்கம்.

கோகி

*

வெள்ளிமலை,
9.2.2025

கோகி,

கடிதத்தின் தலைப்பில் ஊர்ப் பெயர் மாறியிருப்பதைப் பார்த்திருப்பாய். நான் பாப்பாவோடு அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன். அவர்கள் துரத்தவில்லை, நானேதான் கிளம்பினேன். காரணத்தைக் கேள்.

உன் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். "ஊசின்னா எனக்கு ஆவாது" என்றார். கெஞ்சினேன், சண்டை போட்டேன். பாப்பாவை அவர் காலடியில் படுக்கவைத்துக்கூடக் கேட்டேன். மாட்டேன் என்றால் மாட்டேன். எனக்கே ஒரு கணம் புத்தி தடுமாறிவிட்டது. இந்த மனுஷனும் என்னைச் சந்தேகப்படுகிறானா என்று.

கடைசியில் அவர் தம்பி செல்லன்தான் மரவள்ளி பிடுங்குகிற இடத்தில் என்னிடம் வந்து அழுதான். "அண்ணி, அன்னிக்கு அண்ணன் பேருக்கு ரத்தம் குடுத்தது நான். இந்தக் கையில எனக்குக் குடுத்தேன், அந்தக் கையில அண்ணனுக்குக் குடுத்தேன்" என்றான். முகாம் நடந்தபோது தும்பைக்காட்டு ஆம்பளைகளில் பாதிப் பேர் ஊரிலேயே இல்லையாம். ஆந்திரா காட்டுக்குச் செம்மரம் வெட்டப் போயிருந்தார்களாம். நர்ஸ் வீட்டு வாரியாகப் பேர் கூப்பிடுவார்கள், ஆள் எங்கே என்று கேள்வி வரும், கேள்வி வந்தால் விஷயம் போலீசுக்குப் போகும் என்று பொம்பளைகளே கூடிப் பேசி, இருக்கிறவர்களை இல்லாதவர்களுக்காக உட்காரவைத்திருக்கிறார்கள். தம்பி அண்ணனுக்கு, மகன் அப்பனுக்கு. ஜெயம்மாள் அத்தைக்கும் இது தெரியும் கோகி! செல்லன் கையைப் பிடித்து உட்காரவைத்ததே அவள்தான். தெரிந்துகொண்டே என்னிடம் அந்த அட்டையை விட்டெறிந்தாள்.

இன்னும் இருக்கிறது. அந்த நாளில்தான் அங்கே காட்டில் இவர்களைத் துரத்தியிருக்கிறார்கள். கூட ஓடியவர் ஒருவர் பள்ளத்தில் விழுந்து செத்துப்போனார். அந்தக் கேஸில் போலீஸ் இவரைத் தேடி வந்தபோது, தேதியும் முத்திரையும் இருக்கிற உன் வெள்ளை அட்டையைத்தான் எடுத்துக் காட்டியிருக்கிறார். "அன்னிக்கு நான் ஊர்ல ரத்தம் குடுத்துக்கினு இருந்தேன் சார்." வந்தவர்கள் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள்.

நேருக்கு நேராகக் கேட்டேன். தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு சொன்னார்: "மறுபடி ரத்தம் குடுத்தா ரெண்டும் ஒத்துப்போவாது. அப்ப எங்கடா இருந்தேன்னு கேப்பாங்க. நான் உள்ள பூட்டா நீயும் பாப்பாவும் இன்னா பண்ணுவீங்க? நீ சுத்தம்னு எனக்குத் தெரியும். அது பத்தாதா?"

பத்தாது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

இப்போது உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். நீ மலைக்கு ஒருமுறை வா. செம்மரத்தைப் பற்றி எதுவும் பேச வேண்டாம். தும்பைக்காட்டு அட்டைகளை நம்ப முடியாது, மறுபடி எல்லோருக்கும் பார்க்க வேண்டும் என்று மட்டும் ஊர் நடுவில் நின்று சொல்லு. அவரும் தப்பிப்பார், நானும் தலை நிமிர்வேன். எனக்காக மட்டும் கேட்கவில்லை. வெள்ளை அட்டையை நம்பி இன்னும் எத்தனை வீட்டில் பரிசம் போடப் போகிறார்களோ. என் மகள் படுகிற பாடு போதும்.

சீக்கிரம் வா.

வளரு

*

சென்னை,
30.3.2025

அன்பு வளர்மதி,

பதில் தாமதமானதற்கு மன்னித்துக்கொள். பலமுறை எழுத உட்கார்ந்து எழுந்துவிட்டேன்.

உன் கடிதத்தைப் பற்றிப் பேராசிரியரிடம் பெயர் சொல்லாமல் பேசினேன். ஒரு ஊரின் ரத்தம் தவறு என்று நாமே சொன்னால் மற்ற ஊர்களையும் யாரும் நம்ப மாட்டார்கள், இத்தனை வருட உழைப்பும் குப்பைக்குப் போகும் என்கிறார். மேலும் நான் மறுபரிசோதனை என்று அறிவித்தால், ஏன் என்று கேட்பார்கள். ஒருவர் கேட்கத் தொடங்கினால் தும்பைக்காட்டில் எத்தனை ஆண்கள் மாட்டுவார்கள், யோசித்துப் பார். ஊரைக் காப்பாற்றவும்தான் நான் இப்போது சும்மா இருக்கிறேன்.

ஆய்வேடு முடியட்டும். வேலை என்று ஒன்று கிடைத்து நான் நிலையாக நின்றபின் முறையாக அனுமதி வாங்கி மறுபடி முகாம் போடலாம். கொஞ்சம் பொறுத்துக்கொள். பாப்பாவுக்கு மாத்திரையை நிறுத்தாதே. வயிற்றின் இடதுபக்கம் கட்டி மாதிரி தென்படுகிறதா என்று அடிக்கடி தொட்டுப் பார். மண்ணீரலில் ரத்தம் தேங்கி வயிறு உப்பினால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போ, தாமதிக்காதே.

அன்புடன்,
கோகிலவாணி

*

வெள்ளிமலை,
20.7.2025

டாக்டர் கோகிலவாணி அவர்களுக்கு,

பட்டம் வாங்கிவிட்டாய். சந்தோஷம். நீ அனுப்பிய ஆய்வேடு வந்து சேர்ந்தது. நன்றி சொல்லும் பக்கத்தில் என் பெயரைத் தமிழிலேயே போட்டிருக்கிறாய், 'மலையின் கதவைத் திறந்த என் தோழி வளர்மதி' என்று. அம்மாவிடம் காட்டினேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது, விரலால் தடவிப் பார்த்தாள்.

மீதி இங்கிலீஷ் எனக்கு எங்கே விளங்கும்? தண்ணீர் பிடிக்கிற காசிநாதன் சார் வந்திருந்தார். டீ போட்டுக் கொடுத்து, இதில் எங்கள் மலையைப் பற்றி என்ன இருக்கிறது, கொஞ்சம் சொல்லுங்கள் சார் என்றேன். பாவம், ஆசையாகப் பக்கம் பக்கமாகச் சொல்லிக்கொண்டு வந்தார். தும்பைக்காடு என்று பெயர் போடவில்லை, ஒரு எழுத்து போட்டிருக்கிறாய். அந்த இடத்தில் ஒரு வரியை அவர் வேகமாகத் தாண்டினார். அது என்ன சார் என்றேன்.

"குழந்தையோட அப்பா யாருங்கறது பொருந்தாததால ஒரு குடும்பத்தைக் கணக்குல சேர்க்கலைன்னு போட்டிருக்காங்கம்மா" என்றார்.

"அப்படின்னா?"

"அந்தக் குழந்தை அந்த வீட்டுக்காரருக்குப் பொறந்தது இல்லைன்னு அர்த்தம். இது எல்லா ஊர் ஆராய்ச்சியிலயும் ஒண்ணு ரெண்டு வரும்மா, நீங்க தப்பா எடுத்துக்காதீங்க" என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்தார். பாப்பா அவர் பாட்டிலின் மூடியை வைத்துக்கொண்டு விளையாடிக்கொண்டிருந்தாள்.

கோகி, ஜெயம்மாள் அத்தை என்னைச் சொன்னாள். அவள் எழுதப் படிக்கத் தெரியாதவள், மகனைக் காப்பாற்றச் சொன்னாள். நீ தெரிந்தே எழுதியிருக்கிறாயே! தம்பி கையில் எடுத்த ரத்தம் என்று என் கடிதம் உன்னிடம் இருக்கும்போதே எழுதியிருக்கிறாயே! எப்படியடி மனசு வந்தது? ஒரே தட்டில் சாப்பிட்டோமே.

அந்த வரியை எடு. வேறு ஒன்றும் எழுத வேண்டாம். எடுத்தால் போதும்.

வளர்மதி

*

சென்னை,
11.8.2025

வளர்மதிக்கு,

நீ திட்டியது எல்லாம் சரி.

ஒன்றை மட்டும் புரிந்துகொள். கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பாப்பாவின் முடிவு என் கணக்கில் இருந்தது. அப்பாவின் முடிவோடு அது பொருந்தவில்லை. தேர்வாளர்கள் கேட்டால் பதில் வேண்டும். ரத்தம் மாறியது என்று எழுதினால் அந்த ஊரையே எடுக்க வேண்டும். குடும்பத்தை விலக்குவதற்கு எங்கள் துறையில் வழக்கமாக எழுதுகிற வாசகம் அதுதான். பேராசிரியர் எழுதச் சொன்னார், நான் எழுதினேன். அது உன்னைப் பற்றியது என்று நினைத்து எழுதவில்லை.

ஆய்வேடு நூலகத்துக்குப் போய்விட்டது, இனி மாற்றும் வழக்கமில்லை. அதில் ஊர்ப் பெயர் இல்லை, உன் பெயர் இல்லை. படிக்கிற யாருக்கும் அது நீ என்று தெரியாது. நீ எப்படிப்பட்டவள் என்று எனக்குத் தெரியும். அதை வைத்து என்னை மன்னிக்க முடியுமா?

பாப்பா எப்படி இருக்கிறாள்? ஒரு வரி எழுது.

கோகி

*

வெள்ளிமலை,
28.9.2025

கோகிலவாணிக்கு,

சுபஸ்ரீ போய்விட்டாள்.

காலையில் எழுந்தபோதே உதடு வெளுத்திருந்தது. வயிறு உப்பியிருந்தது. நீ எழுதியிருந்தாயே, தெரிந்துகொண்டேன். ஜீப் கிடைத்து மலை இறங்குவதற்குள் பாதி உயிர் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றினார்கள், ஓடி ஓடித்தான் பார்த்தார்கள், அவர்களைக் குறை சொன்னால் என் வாய் அழுகிப்போகும். மறுநாள் மத்தியானம் என் மடியில் அடங்கிவிட்டாள்.

அதற்குள் அவரும் அத்தையும் தும்பைக்காட்டிலிருந்து வந்துவிட்டார்கள். அந்த நேரத்திலும் அத்தை வார்டு வாசலில் நின்று, "யாரு வூட்டுப் புள்ளைக்கு யாரு கொள்ளி வெக்கறது?" என்று ஆரம்பித்தாள். பக்கத்துக் கட்டிலில் கருணாபுரத்து அம்மா ஒருத்தி, "நீயெல்லாம் பொம்பளையாமா?" என்று எழுந்தே வந்துவிட்டாள். அப்போதுதான் ராஜதுரை வாயைத் திறந்தார். வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினார். "அது எம் பொண்ணு! எங்கிட்ட இருந்த வியாதியத்தான் வாங்கிக்கினு போயிட்டா. அன்னிக்கு ரத்தம் குடுத்தது நான் இல்ல, செல்லன். நான் ஆந்திரா காட்டுல இருந்தேன். இப்ப எடுங்க, எங்கிட்ட எடுங்க" என்று சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு நர்ஸ் முன்னால் போய் உட்கார்ந்தார். எடுத்தார்கள். என்னிடம் இருக்கிற அதே கூறு அவரிடமும் இருக்கிறது.

வார்டில் சொன்னது வெளியே போகாமல் இருக்குமா? பாப்பாவுக்குப் பால் தெளித்த அன்றே போலீஸ்காரர்கள் வந்துவிட்டார்கள். அவர் ஓடவில்லை. என்னிடம் வந்து, "போயிட்டு வரேன்" என்றார். எப்போது விடுவார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. அவரை நான் மன்னிக்கவில்லை. பாப்பா இருக்கும்போது செய்யாததைப் போனபின் செய்தார். ஆனாலும் செய்தார். இனி ஊரில் ஒருவரும் என் மகளை இன்னொருவன் பிள்ளை என்று சொல்ல மாட்டார்கள். அத்தை என் காலில் விழுந்து அழுதாள், எனக்கு அழுகைகூட வரவில்லை.

படிக்கிறவர்களுக்கு அது நான் என்று தெரியாது என்று எழுதியிருந்தாய். பாப்பாவின் ஆஸ்பத்திரிச் சீட்டும் பிறப்புச் சான்றும் எங்கள் டிரங்குப் பெட்டியில் கிடந்து மக்கிப்போகும். உன் புத்தகம் நூலகத்தில் கண்ணாடி அலமாரியில் இருக்கும். என் மகளைப் பற்றி இந்த உலகத்தில் நிற்கப்போகிற ஒரே வரி, அவள் அப்பனுக்குப் பிறந்தவள் இல்லை என்பது. அதை மாற்றும் வழக்கமில்லை என்கிறாய். நீ படித்தவள், நீ சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

தும்பைக்காட்டுப் பெண்கள் ஒவ்வொருத்தியாக என்னிடம் வருகிறார்கள். வெள்ளை அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, எம் புள்ளைக்குப் பொண்ணு பாத்துக்கினு இருக்கோம், மறுபடி எங்க ரத்தம் பாக்கறது என்று கேட்கிறார்கள். பார்த்தே ஆக வேண்டும். அதற்காகத்தான் உனக்கு இதை எழுதுகிறேன், வேறு எதற்கும் இல்லை. உங்கள் ஆட்கள் யாரையாவது ஊசியோடு அனுப்பு. வருகிறவர்களுக்கு வழி காட்டுகிறேன், சோறும் போடுகிறேன்.

நீ வராதே.

வளர்மதி